பத்துக்கு ஆறு

திருவண்ணாமலை,
12-6-1978

அன்புள்ள அண்ணாவுக்கு,

ராஜம்மாள் வணக்கத்துடன் எழுதுகிறேன். இங்கே சுகத்துக்குக் குறைவில்லை. அண்ணியின் முழங்கால் வலி டெல்லி வெயிலில் குறைந்ததா, கூடியதா?

உங்களுக்கு ஒரு சேதி. நானும் இப்போது டீச்சர். சிரிக்க வேண்டாம். நான் வாங்கிய புலவர் பட்டம் எட்டு வருடமாக டிரங்குப் பெட்டியில் தூங்கிக்கொண்டிருந்தது. இப்போது ஆசிரமத்துப் பக்கம் வாடகை அறையில் இருக்கும் இரண்டு பேர் வீட்டுக்கு வந்து என்னிடம் தமிழ் படிக்கிறார்கள். ஒருத்தி எல்சா, சுவிட்சர்லாந்து தேசத்து நர்ஸ், ஐம்பது வயது. இன்னொருவர் பியேர், பிரான்சில் தச்சு வேலை பார்த்தவர்.

இறந்தகாலம் நடத்தி முடித்துவிட்டு, பத்து வாக்கியம் எழுதச் சொன்னேன். பியேர் என்ன எழுதினார் தெரியுமா? "நான் போனேன்" என்று பத்து முறை. தப்பே இல்லை, எப்படி மார்க் குறைப்பது? அப்புறம் யோசித்தேன். சொல்ல ஒன்றுமே இல்லாதபோது மனுஷன் வேறு என்ன எழுதுவான்? மறுநாள் இருவரையும் மலையைச் சுற்றி வரச் சொல்லி, வழியில் வயிறெரிந்த விஷயம் ஒன்றை எழுதக் கேட்டேன். எல்சாவின் மூக்குக்கண்ணாடியைக் குரங்கு பிடுங்கிக்கொண்டதாம். இரண்டு பக்கம் எழுதினாள், அத்தனையும் இறந்தகாலம்!

நீங்கள் பெரிய வாத்தியார். இந்த வழி சரியா என்று எழுதுங்கள்.

உங்கள் தங்கை,
ராஜம்மாள்

---

புது டெல்லி,
2-7-1978

அன்புத் தங்கை ராஜம்மாவுக்கு,

ஆசிகள். சரசுவின் முழங்கால் என்னைவிட நன்றாக நடக்கிறது. பிள்ளைகள் இருவரும் சௌக்கியம்.

குரங்கைத் துணை ஆசிரியராக வைத்துக்கொண்ட முதல் தமிழ்ப் புலவர் நீதான். விளையாட்டு போகட்டும், உன் கடிதம் என்னைச் சங்கடப்படுத்திவிட்டது. என் எட்டாம் வகுப்பில் முப்பத்தாறு பேர். நம் தமிழ்ப் பிள்ளைகள்தான், ஆனால் டெல்லியில் பிறந்தவர்கள், வாயைத் திறந்தால் இந்தி. கோடிட்ட இடத்தை நிரப்பச் சொன்னால் நூற்றுக்குத் தொண்ணூறு. ஊரில் இருக்கும் மாமனுக்கு நாலு வரி எழுதச் சொன்னால் பேனாவின் மூடியைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். உன் பயிற்சிகள் வேறு இருந்தால் எழுது, களவாடிக்கொள்கிறேன்.

சின்னசாமி எப்படி இருக்கிறான்? வேலூர் விடுதியில் ஒரே தட்டில் சாப்பிட்டவன், என் தங்கையைக் கட்டிய பிறகு எனக்கு ஒரு வரி எழுதுவதில்லை. உரக்கடை அவ்வளவு மும்முரமா? இந்தக் கடிதத்தை அவனுக்குப் படித்துக் காட்டு.

அன்புடன்,
கோதண்டராமன்

---

திருவண்ணாமலை,
25-7-1978

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தை அவரிடம் கொடுத்துவிட்டேன். அவரே படித்துக்கொண்டார்.

களவாட இரண்டு தருகிறேன். மரியாதையாக ஏவுவதற்கு: பால்காரருக்கு வாசலில் ஒரு சீட்டு எழுதி ஒட்டச் சொன்னேன். "தயவுசெய்து தண்ணீர் ஊற்றாதீர்கள்" என்று எல்சா ஒட்டியிருக்கிறாள். பால்காரர் சடையன் அதைப் படித்துவிட்டு, "யார்மா இத எழுதிக் குடுத்தது?" என்று என்னிடமே சண்டைக்கு வந்தார்.

அடுத்தது "செய்தால், செய்யாவிட்டால்". புத்தகத்தில் இருப்பதுபோல் "மழை பெய்தால் பயிர் விளையும்" என்று எழுதவைத்தால் தூக்கம்தான் வரும். பியேரின் அறை ஒழுகுகிறது. வீட்டுக்காரருக்குக் கடிதம் எழுதுங்கள் என்றேன். "நீங்கள் ஓடுகளை மாற்றாவிட்டால்" என்று ஆரம்பித்து ஆறு மிரட்டல் எழுதினார், ஆறிலும் இலக்கணம் சுத்தம். ஆத்திரம் வந்தால் "ஆல்" தானாக வருகிறது அண்ணா.

என் வகுப்புக்கு ஒரே ஒரு விதி. நடக்காததை எழுதக் கூடாது. பொய் எழுதும்போது தெரிந்த சொல்லோடு நின்றுவிடுகிறார்கள். நிஜத்தை எழுதும்போது தெரியாத சொல்லையும் தேடிப் போகிறார்கள்.

அவருக்கு இவர்கள் வீட்டுக்கு வருவது பிடிக்கவில்லை. "இது வீடா, சத்திரமா?" என்கிறார். போகப் போகப் பழகிவிடும் என்று நினைக்கிறேன்.

அண்ணியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

தங்கை,
ராஜம்மாள்

---

புது டெல்லி,
20-8-1978

அன்புத் தங்கைக்கு,

நலமே. உன்னால் எனக்குத் தலைமை ஆசிரியரிடம் அர்ச்சனை. வகுப்பில் மின்விசிறி மூன்று மாதமாக ஓடவில்லை. "சரிசெய்யாவிட்டால்" என்று தலைமை ஆசிரியருக்குக் கடிதம் எழுதுங்கள் என்றேன். பேனா மூடி கடிக்கும் பிள்ளைகள் அன்றைக்குப் பக்கம் பக்கமாக எழுதினார்கள். ஒரு வானரம் தன் கடிதத்தை நேரே அவர் மேஜையில் கொண்டுபோய் வைத்துவிட்டது. விசிறி இப்போது ஓடுகிறது, அவர்தான் என்னோடு பேசுவதில்லை.

உன் மாணவர்கள் எழுதிய தாள் ஒன்றை அனுப்பு. ஒழுங்காகத் திருத்தி அனுப்புகிறேன். உனக்கும் உதவியாக இருக்கும்.

சின்னசாமி விஷயம். அவன் மனம் கோணாமல் நடந்துகொள். தேடித் தேடி நான் பார்த்த மாப்பிள்ளை அவன், தங்கமான பையன். அவனைக் குறை சொன்னால் என்னைக் குறை சொன்ன மாதிரி. இதையும் அவனுக்குக் காட்டு, சந்தோஷப்படுவான்.

அன்புடன்,
கோதண்டராமன்

---

திருவண்ணாமலை,
10-10-1978

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். பதில் எழுத நாளாகிவிட்டது, மன்னியுங்கள். உடம்புக்கு ஒன்றும் இல்லை. இனி எனக்கு உறையின் மேல் எழுதியிருக்கும் செங்கம் ரோடு முகவரிக்கு எழுதுங்கள். பாடம் இப்போது இங்கேதான் நடக்கிறது.

நீங்கள் கேட்ட தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். எல்சா எழுதியது. பிறர் சொன்னதை "என்று" போட்டு எழுதும் பயிற்சி. ஒரு நாள் முழுக்கக் காதில் விழுந்த பேச்சை எழுதி வா என்று அனுப்பினேன். இதை எழுதுவாள் என்று நான் நினைக்கவில்லை. வாங்கிப் பார்த்தபின் கிழித்துவிடலாமா என்றிருந்தது. பிறகு உங்களுக்கு இதையே அனுப்பலாம் என்று தோன்றியது.

தப்பு நிறைய இருக்கும். ஆனால் ஒரு வரி விடாமல் படியுங்கள் அண்ணா. படித்துவிட்டு எழுதுங்கள். காத்திருப்பேன்.

ராஜம்மாள்

(எல்சாவின் தாள்)

சனிக்கிழமை நானும் பியேரும் டீச்சர் வீட்டுக்குப் போனேன். கதவு பூட்டி இருந்தார். டீச்சர் தெருவில் நின்றது. எங்கள் நோட்டுகள் சாக்கடையில் கிடந்தார்கள். நான் "என்ன ஆச்சு?" என்று கேட்டேன். டீச்சர் "ஒண்ணும் இல்ல, இன்னிக்கிப் பாடம் மரத்தடியில" என்று சொன்னார். டீச்சரின் கன்னம் வீங்கி இருந்தார்கள். பூ விற்கும் எல்லம்மாள் "வீட்டுக்காரரு அடிச்சிட்டாரு, வெளிய தள்ளிட்டாரு" என்று சொன்னது. மாலை நாங்கள் டீச்சருக்கு என் பக்கத்து அறை வாடகைக்கு எடுத்தேன். நான் "அண்ணனுக்குச் சொல்லுங்கள்" என்று சொன்னேன். டீச்சர் "எப்பிடிச் சொல்றது? அவருதான் இந்தக் கல்யாணத்தப் பண்ணி வச்சாரு. அவரு திரும்பிப் போன்னு சொன்னா நான் போவணும். எனக்கு வேற யாரும் இல்ல" என்று சொன்னார். பிறகு டீச்சர் அழுதது. நான் "என்று" இல்லாமல் அழுதேன்.

---

புது டெல்லி,
5-11-1978

அன்புத் தங்கைக்கு,

தீபாவளி எண்ணெய்க் குளியலுக்குப் பிறகு வந்த சளியைத் தவிர எல்லோரும் நலம். உங்களுக்குப் பண்டிகை நன்றாகக் கழிந்ததா? சின்னசாமி என்ன புடவை எடுத்தான்?

எல்சா அம்மாளின் தாளைத் திருத்தி அனுப்பியிருக்கிறேன். அரையாண்டுத் தேர்வுத் தாள் நூற்று நாற்பது என் மேஜையில் இருந்தது, அதோடு சேர்த்து உட்கார்ந்து முடித்தேன். "என்று" அநேகமாக எல்லா இடத்திலும் சரியாக விழுந்திருக்கிறது, உன் பயிற்சிக்கு வெற்றிதான். திணையில்தான் தகராறு. கதவு அஃறிணை, "பூட்டி இருந்தார்" வராது. நோட்டுகள் "கிடந்தன". கன்னம் "வீங்கி இருந்தது". டீச்சர் "நின்றார்", "அழுதார்". நீயே டீச்சர், உன்னை அஃறிணை ஆக்கிவிட்டாளே என்று சிரித்துக்கொண்டேன். கடைசி வரி பொருள்படவில்லை, அடித்துவிட்டேன்.

பத்துக்கு ஆறு போட்டிருக்கிறேன். ஓரத்தில் "நல்ல கற்பனை" என்று எழுதியிருக்கிறேன், சந்தோஷப்படுவாள்.

சின்னசாமிக்கு என் அன்பைச் சொல்.

கோதண்டராமன்

---

திருவண்ணாமலை,
20-12-1978

அண்ணாவுக்கு,

வணக்கம். தாள் கிடைத்தது. திருத்தங்கள் எல்லாம் சரி. தீபத்துக்கு நல்ல கூட்டம். அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

ராஜம்மாள்

---

புது டெல்லி,
16-1-1979

அன்புத் தங்கைக்கு,

பொங்கல் வாழ்த்துகள். இங்கே குளிர் எலும்பைத் தொடுகிறது. சரசு பொங்கல் பானையை விட்டு நகர மறுக்கிறாள், குளிருக்கு அதுதான் இதமாம்.

உன் போன கடிதம் தந்தி மாதிரி இருந்தது. திருத்தியது அதிகம் என்று கோபமா? ஆறு மார்க் கம்மி என்றால் ஏழு போட்டுக்கொள். வேலூர் நாளிலிருந்து எனக்குச் சிவப்பு மையைக் கையில் எடுத்தால் நிற்கத் தெரியாது.

அந்தத் தாளை நகல் எடுத்து வைத்திருக்கிறேன். திணைப் பிழைக்கு அதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. அடுத்த வாரம் ஸ்டென்சில் எடுத்து வகுப்புக்குக் கொடுக்கப் போகிறேன்.

சின்னசாமியும் எழுதவில்லை, நீயும் எழுதவில்லை. எல்லாம் சரிதானே?

கோதண்டராமன்

---

புது டெல்லி,
4-2-1979

ராஜம்மா,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. நேற்று சாயங்காலம் ஸ்டென்சில் எழுத உட்கார்ந்தேன். சரசுவைப் படிக்கச் சொல்லி நான் எழுதிக்கொண்டிருந்தேன். அவள் எட்டாவது வரைக்கும்தான் படித்தவள், திணை பால் எல்லாம் மறந்தாயிற்று. நாலு வரி படித்தாள், நிறுத்தினாள். "மேலே படி" என்றேன். படிக்கவில்லை.

"ஏங்க, இது நம்ம ராஜம்மா இல்ல?" என்றாள்.

"பயிற்சிக்கு எழுதினது சரசு, கற்பனை."

"யாரு சொன்னது கற்பனைன்னு? அது என்னைக்காவது பொய் எழுதச் சொல்லிக் குடுத்திருக்குதா? கன்னம் வீங்கி இருந்திச்சாம். தெருவுல நின்னுச்சாம். வேற முகவரிக்கு எழுதுங்கன்னு சொல்லிச்சே, ஏன்னு கேட்டீங்களா நீங்க? மூணு மாசமா இந்தக் காயிதத்த வச்சிக்கிட்டு என்னா பண்ணீங்க?"

"திருத்தினேன்" என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை என்னால் எழுத முடியாது.

நடக்காததை எழுதக் கூடாது என்பது உன் விதி. ஜூலையிலேயே எனக்கு எழுதினாய். ஒரு வரி விடாமல் படியுங்கள் என்றும் எழுதினாய். ஒரு வரியும் விடவில்லை அம்மா, ஒவ்வொரு வரியிலும் கோடு போட்டேன். உன் கன்னம் வீங்கியதற்கு விகுதி மாற்றிக் கொடுத்தேன். "அழுதது" என்பதை "அழுதார்" என்று ஆக்கினேன். முப்பத்தாறு பிள்ளைகளுக்கு அச்சடித்துக் கொடுக்கவும் இருந்தேன்.

நீ திரும்பிப் போக வேண்டாம். கேட்கிறதா ராஜம்மா? போக வேண்டாம். விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன், உன் பதில் வந்ததும் ரயில் ஏறுகிறேன்.

அண்ணன்

---

திருவண்ணாமலை,
20-2-1979

அண்ணாவுக்கு,

வணக்கம். முதலில் அண்ணியின் கையைப் பிடித்து என் நன்றியைச் சொல்லுங்கள்.

எனக்கு உங்கள் மேல் கோபம் இருக்கிறது, மறைக்கப் போவதில்லை. தாள் திரும்பி வந்த நாள் தபால்காரரிடம் வாங்கி ரோட்டில் நின்றபடியே பிரித்தேன். ஒரு பக்கம் முழுக்கச் சிவப்பு. "நல்ல கற்பனை". அண்ணனுக்குப் புரிந்துவிட்டது, புரியாத மாதிரி இருந்து என்னைப் போகச் சொல்கிறார் என்று நினைத்தேன். நீங்கள் படிக்கவில்லை என்று எனக்குத் தோன்றவே இல்லை. சாயங்காலமே துணியை மூட்டை கட்டினேன். எல்சா வாசலை அடைத்து உட்கார்ந்துகொண்டு, "நான் எழுந்தால் நீங்கள் போவீர்கள், அதனால் எழ மாட்டேன்" என்றாள். அந்த "ஆல்" ஒன்றுதான் அன்றைக்கு என்னை நிறுத்தியது.

ரயில் ஏற வேண்டாம். நீங்கள் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து அழுவதால் எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆகஸ்டில் எழுதினீர்களே, "அவனைக் குறை சொன்னால் என்னைக் குறை சொன்ன மாதிரி" என்று, அந்தக் கடிதத்தை அவர் சட்டைப் பையில் வைத்திருக்கிறார். உரம் வாங்க வருகிற எல்லோருக்கும் எடுத்துப் படித்துக் காட்டுகிறார். "பாத்தீங்களா, மச்சான் எம் பக்கம்" என்கிறாராம். பங்குனியில் அவர் ஊர்ப் பெரியவர்கள் கூடி என்னைத் திரும்ப அனுப்பப் பேசப்போகிறார்கள். பெரியவர் முருகையன் எனக்கு ஆள் விட்டிருந்தார். "அண்ணன் என்னா சொல்றாருன்னு தெரியணும்மா, அப்புறந்தான் நாங்க பேச முடியும்" என்று. அப்போது என்னிடம் இருந்தது நீங்கள் போட்ட ஆறு மார்க்தான்.

அதனால் உங்களுக்கு ஒரு பயிற்சி. அவருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். ஒரு பக்கம் போதும். "மனக்கசப்பு ஏற்பட்டது", "கேள்விப்பட்டேன்", "நடந்தது நடந்துவிட்டது" எதுவும் வரக் கூடாது. யார் என்ன செய்தார் என்பது ஒவ்வொரு வரியிலும் தெரிய வேண்டும். உங்களையும் விட்டுவிடக் கூடாது. எழுதி அவருக்கும் முருகையனுக்கும் அனுப்பிவிட்டு எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள். வருவதைப் பற்றி அப்புறம் பார்க்கலாம்.

ராஜம்மாள்

---

புது டெல்லி,
6-3-1979

அன்பு ராஜம்மாவுக்கு,

சரசு உன்னைப் பற்றி தினமும் கேட்கிறாள். இங்கே உடம்புகள் நலம்.

இருபது வருடமாக அடுத்தவனுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். எனக்குக் கொடுத்த ஒன்றை முடிக்க ஆறு நாள் ஆயிற்று. முதலில் "தங்களிடையே சில கருத்து வேறுபாடுகள் தோன்றியுள்ளதாக" என்று ஆரம்பித்தேன். சரசு எட்டிப் பார்த்துவிட்டு, "யாருக்கு எழுதறீங்க, முனிசிபாலிட்டிக்கா?" என்று பிடுங்கிக் கிழித்தாள். இரண்டாவதில் "நண்பா" என்று கைப்பழக்கத்தில் வந்துவிட்டது. அதை நானே கிழித்தேன். நான்காவதுதான் இது. இருவருக்கும் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன்.

"சின்னசாமிக்கு, கோதண்டராமன் எழுதுகிறேன்.

நீ என் தங்கையை அடித்தாய். அவளைத் தெருவில் தள்ளினாய். அவளுடைய மாணவர்களின் நோட்டுகளைச் சாக்கடையில் எறிந்தாய்.

அவள் அதை எனக்குத் தெரியப்படுத்தினாள். நான் கவனிக்கவில்லை. மூன்று மாதம் அவளைக் காக்க வைத்தேன். உன்னை அவளுக்கு நான்தான் தேடிக் கொண்டுவந்தேன். அவளிடம் கேட்காமல் சம்மதம் சொன்னேன். உன்னைக் குறை சொல்லக் கூடாது என்று அவள் வாயை நான் அடைத்தேன். அந்தக் கடிதத்தை நீ கடையில் படித்துக் காட்டுகிறாய். இதையும் படித்துக் காட்டு.

அவள் உன் வீட்டுக்குத் திரும்ப மாட்டாள். தன் இஷ்டப்பட்ட இடத்தில் இருப்பாள், இஷ்டப்பட்டவர்களுக்குப் பாடம் சொல்வாள். பெரியவர்கள் கேட்டால் இதுதான் என் வார்த்தை. நான் உன் பக்கம் இல்லை."

திருத்த ஏதாவது இருந்தால் திருத்து. பத்துக்கு எவ்வளவு என்றும் போடு, ஆறுக்குக் கீழே இருந்தாலும் வாங்கிக்கொள்கிறேன். நான் வரலாமா என்று மட்டும் சொல்லிவிடு.

அண்ணன்

---

திருவண்ணாமலை,
28-3-1979

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். நான் நன்றாக இருக்கிறேன். இந்தத் தடவை நிஜமாகவே.

ஞாயிற்றுக்கிழமை கூடினார்கள். நான் போகவில்லை, எல்லம்மாள் போய் ஓரமாக நின்று கேட்டுவிட்டு வந்து சொன்னாள். அவர் வழக்கம்போல் சட்டைப் பையிலிருந்து உங்கள் பழைய கடிதத்தை எடுத்தாராம். முருகையன் "அது இருக்கட்டும்பா, இது புதுசு" என்று உங்கள் கடிதத்தை ஆரம்பத்திலிருந்து கடைசி வரை சத்தமாகப் படித்தாராம். "அண்ணங்காரனே தன் தப்ப எழுதி ஒத்துக்கிட்டான். நீ ஒண்ணாவது ஒத்துக்கறயா?" என்று அவரைக் கேட்டிருக்கிறார். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டாராம். "இனிமே அந்தப் பொண்ண யாரும் தொந்தரவு பண்ணக் கூடாது" என்று சொல்லிக் கூட்டத்தைக் கலைத்துவிட்டார்கள்.

எனக்கு இப்போது ஐந்து மாணவர்கள். அறைக்கு முன்னால் கீற்றுப் பந்தல் போட்டிருக்கிறோம், பியேர் பெஞ்சு செய்து கொடுத்திருக்கிறார்.

பத்துக்கு எவ்வளவு என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் கடிதத்தைப் பிரித்ததும் பழக்கத்தில் பேனாவைக் கையில் எடுத்தேன்தான். இரண்டாவது வரிக்கு மேல் கண் மறைத்துவிட்டது. பேனாவை மூடி வைத்துவிட்டு முதலிலிருந்து மூன்று முறை படித்தேன். மார்க் போடவில்லை அண்ணா.

அண்ணியையும் அழைத்துக்கொண்டு வாருங்கள். மெட்ராசிலிருந்து எந்த பஸ் என்று முன்கூட்டி எழுதுங்கள். நான் வந்து நிற்கிறேன்.

உங்கள் தங்கை,
ராஜம்மாள்